ஆய்வுப் பதிவில் 2022 மட்டும் இல்லை. இந்தக் காரை வாங்கலாமா?

முதல்_கியர்:
வணக்கம். முதன்முறையாக சொந்தமாக ஒரு கார் வாங்கப் போகிறேன். 2015 மாடல், பெட்ரோல் வண்டி. விற்பவர் பதிவு எண்ணைக் கொடுத்தார், அதை வைத்து வருடாந்திர வாகன ஆய்வு முடிவுகளை எடுத்துப் பார்த்தேன். அப்படியே தருகிறேன்.

2018: பாஸ், 41,300 கி.மீ.
2019: பாஸ், 55,100. குறிப்பு: முன் இடது டயர் உள்விளிம்பில் தேய்மானம்.
2020: பாஸ், 60,200. அதே குறிப்பு.
2021: பாஸ், 62,800. அதே குறிப்பு. கூடவே, பின் அச்சில் லேசான துரு.
2023: ஃபெயில், 63,100. பின் பிரேக் டிஸ்க்குகள் துருப்பிடித்து அரித்திருக்கின்றன, ஹேண்ட் பிரேக் ஒரு பக்கம் பிடிக்கவில்லை, டயர்களில் வெடிப்பு.
2023, ஐந்து நாள் கழித்து: பாஸ், 63,112.
2024: பாஸ், 68,900. குறிப்பு எதுவும் இல்லை.

வண்டி அவருடைய அப்பாவுடையதாம். அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்த பிறகு ஷெட்டிலேயே நின்றது, அதனால்தான் 2022இல் ஆய்வுக்குக் கொண்டுபோகவில்லை என்கிறார். ஆள் பேச்சில் நேர்மையாகத்தான் தெரிகிறார். ஆனால் பேச்சை மட்டும் நம்பி இவ்வளவு பணத்தைப் போட முடியாதே. கடைசி ஆய்வு சுத்தமாக இருப்பது தைரியம் தருகிறது, நடுவில் ஃபெயில் ஆனது பயமுறுத்துகிறது. எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது?

நெடுஞ்சாலை:
ஒரு முறை ஃபெயில் ஆன வண்டி, அதற்கு மேல் ஒரு வருடப் பதிவே இல்லை. சந்தையில் வேறு வண்டியா இல்லை? விட்டுவிடுங்கள்.

பழைய_ஸ்பானர்:
தம்பி, நான் வாகன ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவன். நெடுஞ்சாலை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பட்டியலில் 2023 ஃபெயில் எனக்குப் பயம் தரவில்லை. 2024இல் ஒரு குறிப்புகூட இல்லையே, அதுதான் உறுத்துகிறது.

முதலில் 2022. அந்த வருடம் வண்டி உண்மையிலேயே நின்றதா, இல்லை ஆய்வே இல்லாமல் ஓடியதா? இதற்கான பதில் 2023 ஃபெயில் பட்டியலிலேயே இருக்கிறது. தினமும் ஓடும் வண்டியில் பிரேக் பேட் உரசி உரசி டிஸ்க்கின் முகத்தைச் சுத்தமாக வைத்திருக்கும். மாதக்கணக்கில் நின்றால் ஈரம் ஏறித் துரு அரிக்கும். ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகிப்போகும். டயர் ரப்பர் ஓடாவிட்டாலும் வயதாகி வெடிக்கும். மூன்றும் ஒன்றாக வந்திருக்கின்றன, மீட்டரும் 300 கி.மீ.தான் ஏறியிருக்கிறது. இந்த விஷயத்தில் விற்பவரை நான் நம்புவேன். இதுவே டிஸ்க் தேய்ந்து மெலிந்துவிட்டது, டயர் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே போய்விட்டது என்று ஃபெயில் ஆகியிருந்தால் கதையே வேறு. அதெல்லாம் நன்றாக ஓடிய வண்டிக்கு வரும் குறை. அப்படியிருந்தால் 300 கி.மீ. என்ற கணக்கைச் சந்தேகித்திருப்பேன்.

மீட்டரைப் பற்றி இன்னொன்று. எல்லா வருடமும் ஒழுங்காக ஏறி வந்து, நடுவில் ஒரே ஒரு எண் மட்டும் தாறுமாறாக இருந்தால் பெரும்பாலும் ஆய்வாளர் தட்டச்சுப் பிழை. எண் ஒரு முறை இறங்கி, அந்த இறங்கிய இடத்திலிருந்தே தொடர்ந்தால் கை வைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டியில் இரண்டும் இல்லை.

இப்போது 2024. மூன்று ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த டயர் குறிப்பு எங்கே போனது? 2023இல் வெடித்த டயர்களை மாற்றியிருக்கிறார்கள். புது டயர் 5,800 கி.மீ. ஓடியதும் ஆய்வாளர் பார்த்திருக்கிறார். அதற்குள் உள்விளிம்புத் தேய்மானம் எழுதும் அளவுக்கு வந்திருக்காது. ஆகவே குறிப்பு இல்லை என்பதால் கோளாறு போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஒரு டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், விலகியிருக்கலாம், சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கலாம், பள்ளத்திலோ விபத்திலோ அடிபட்டு ஆர்மே வளைந்திருக்கலாம். ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துவிட்டு, டயரின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணைவிட விரல் சீக்கிரம் சொல்லும்.

துரு இதைவிட முக்கியம். அது தானாக ஆறாது. 2021இல் இருந்தது, பிறகு யாரும் எழுதவில்லை. ஒன்று வேலை செய்து சரிபண்ணியிருக்க வேண்டும், இல்லை மேலே கறுப்புப் பூச்சு அடித்து மறைத்திருக்க வேண்டும். ஆய்வில் நாங்கள் பாகங்களைக் கழற்றிப் பார்ப்பதில்லை, பூச்சைச் சுரண்டியும் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதுவோம். எஞ்சினின் உள்நிலை, கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கமும் பொதுவாகப் போவதில்லை.

அந்த ஐந்து நாளில் என்ன வேலை நடந்தது என்பதற்கு பில் கேளுங்கள். ஃபெயில் ஆகி, பில்லோடு சரிசெய்த வண்டியை, எல்லா வருடமும் வெறும் பாஸ் வாங்கிய வண்டியைவிட நான் விரும்புவேன். அதில் என்ன மாற்றினார்கள் என்பதாவது தெரியும்.

இரவுப்_பயணி:
நாட்டுக்கு நாடு இந்தப் பதிவு மாறும் என்பதை வெளியிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பிரிட்டனில் கார்களுக்கு மூன்றாம் ஆண்டு முடிந்ததும் வருடா வருடம் எம்.ஓ.டி. சோதனை உண்டு, பதிவு எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் புது காருக்கு மூன்று வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அங்கே ஒரு வருடம் காணவில்லை என்றால் அது இயல்பு. பெல்ஜியத்தில் விற்பவரே கார்-பாஸ் என்ற கிலோமீட்டர் சான்றைக் கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் சொந்த உபயோகக் கார் 15 வருடம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் தகுதிச் சோதனைக்குப் போகிறது. ஆகவே அங்கே சர்வீஸ் பில்களும் காப்பீட்டு இழப்பீட்டு விவரமும்தான் வரலாறு.

பதிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓ.பி.டி. ரீடரை (வண்டியின் கணினி பதிந்து வைத்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) செருகிப் பார்க்காமல் நான் எந்த வண்டியையும் வாங்க மாட்டேன். எஞ்சின் விளக்கு எரியவில்லை என்பது போதாது. காலையில் கோளாறுக் குறியீடுகளை அழித்துவிட்டு மாலையில் வண்டியைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அழித்தால் வண்டியின் கணினி தானே செய்யும் சுயபரிசோதனைகள் எல்லாம் 'இன்னும் முடியவில்லை' என்று காட்டும். குறியீடு அழித்த பிறகு ஓடிய தூரமும் பல வண்டிகளில் தெரியும். அது 10, 20 கி.மீ. என்றால் ஏன் என்று கேளுங்கள்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1823 என்றால் 2023ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் செய்தது. 2023இல் டயர் மாற்றியது உண்மையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். 17 எழுத்துச் சேசிஸ் எண்ணை வண்டியிலும் ஆவணத்திலும் ஒப்பிட்டுவிட்டு, தயாரிப்பாளர் தளத்தில் ரீகால் (குறையுள்ள பாகத்தைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல்_கியர்:
அண்ணா, பில் கிடைத்தது. நான்கு டயர், பின் டிஸ்க், பேட், ஹேண்ட் பிரேக் கேபிள். அலைன்மென்ட் செய்ததாக இல்லை. துருவைப் பற்றிக் கேட்டதும், கடையில் அடியில் பூச்சு அடித்தார்கள் என்று அவரே சொன்னார். டயர் எண்கள் எல்லாம் 2023. ஓ.பி.டி. பார்த்தோம், எல்லாம் 'முடிந்தது' என்றே காட்டியது. முன் இடது டயர் மட்டும் உள்பக்கம் விரலுக்குக் கூராகத் தட்டுப்படுகிறது. லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். அங்கே எதைப் பார்க்க வேண்டும்?

பழைய_ஸ்பானர்:
கேட்டதும் பூச்சைப் பற்றிச் சொன்னாரே, நல்லது. நீங்கள் நம்பும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள், விற்பவர் காட்டும் கடைக்கு வேண்டாம்.

முன் இடது லோயர் ஆர்மை வலது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் கிழிந்திருந்தால் சின்ன வேலைதான். அதையும் அலைன்மென்ட் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். ஆனால் ஆர்ம் பொருந்தும் சட்டமே வளைந்திருந்தாலும், அந்த இடத்தில் புது வெல்டிங் தெரிந்தாலும் அது விபத்து. வண்டியை விட்டுவிடுங்கள்.

பின் அச்சில் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு கெட்டியாக இருக்கிறது. மந்தமாகக் கேட்டாலோ, பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தாலோ அது மேல்துரு இல்லை. ஸ்பிரிங் உட்காரும் இடத்தையும் அச்சு பாடியோடு சேரும் இடத்தையும் நிதானமாகப் பாருங்கள், துரு முதலில் தின்பது அங்கேதான். அந்த இடங்களைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.