சூரிய ஒளிப் பம்பு பற்றிய சயின்ஸ் கட்டுரை நம் ஊர்க் கிணறுகளுக்குப் பொருந்துமா?

பல்லடம் வாசகர்:
நிலத்தடி நீருக்குச் சூரிய ஒளிப் பாசனம் விளைவிக்கக்கூடிய ஆபத்துகளைப் பற்றி 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சயின்ஸ் இதழில் வெளிவந்த கட்டுரையை, கல்லூரியில் படிக்கும் என் மகள் எடுத்துத் தந்து அண்மையில் வாசித்தேன். பம்பை நிறுவிவிட்டால் அதன்பின் நீர் இறைக்கச் செலவே இல்லை என்பதால், டீசலுக்குக் காசு கொடுத்த காலத்தில் இருந்த கட்டுப்பாடு தளர்ந்துவிடும் என்ற அச்சம் அதில் முதன்மையாக இருக்கிறது. சூரிய பம்புக்கு மானியம் தரும் ஒன்றிய அரசின் பி.எம். குசும் திட்டத்தில் விண்ணப்பிக்க எண்ணியிருந்த எனக்கு இது உறுத்தலாக இருக்கிறது. எங்கள் தோட்டத்துப் போர் (ஆழ்துளைக் கிணறு) 850 அடி, ஏழரை எச்.பி. மோட்டார் ஒன்றரை மணி நேரம் ஓடினால் நீர் தீர்ந்து காற்று வாங்கத் தொடங்கிவிடும். கட்டுரையின் எச்சரிக்கையை நாம் எப்படி எடுத்துக்கொள்வது?

அவிநாசி வாசகர்:
ஐயா, கட்டுரை இனி வரும் என்று அஞ்சுவதை உழவுக்கு மின்சாரம் இலவசமான 1990ஆம் ஆண்டிலிருந்தே நாம் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். மின்கட்டணத்தை எதிர்த்து 1972ஆம் ஆண்டில் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைக்குள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திய மண் இது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் இல்லாமல் போனபின், மும்முனை மின்சாரம் வந்தவுடன் தானாக ஓடத் தொடங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பொருத்திவிட்டு, நள்ளிரவில் வாய்க்கால் உடைந்து நீர் தடத்தில் ஓடுவதுகூடத் தெரியாமல் உறங்கியவர்களில் நானும் ஒருவன். பகலில் மட்டும் ஓடும் சூரிய பம்பு அந்த வகையில் மேல் என்றே சொல்வேன்.

திருச்செங்கோடு வாசகர்:
போர் போடும் ரிக் வண்டித் தொழிலில் இருபது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கங்கைச் சமவெளியைப் போல ஆழமான வண்டல் நமக்கில்லை. மேலே சிதைந்த பாறையும் கீழே கருங்கல்லின் வெடிப்புகளுமே நீரைத் தாங்குகின்றன. ஆகவே மின்சாரம் எவ்வளவு இருந்தாலும் வெடிப்பில் ஊறுவதற்கு மேல் ஒரு குடமும் கிடைக்காது. உங்கள் மோட்டார் ஒன்றரை மணியில் நிற்பதற்குக் காரணம் அதுதான். நம் ஊரில் நீரைத் தீர்ப்பது இறைக்கும் செலவு குறைந்தது மட்டுமன்று. பக்கத்துக் காட்டுக்காரர் 1,000 அடி போட்டால் நாம் 1,200 அடி போடுவது என்ற போட்டியும்தான். துளையிடும் செலவில் கடன்பட்டவர்களைப் பற்றி அக்கட்டுரை போன்றவை இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம் என்பது என் குறை.

கோபி வாசகர்:
அண்ணா சொல்வது சரி. ஆயினும் சூரிய பம்பு எல்லாம் ஒன்றல்ல. குசும் திட்டத்தில் தனித்து நிற்கும் பம்பும் உண்டு, மின்கட்டமைப்போடு இணைந்த பம்பும் உண்டு. முன்னதில் இறைக்காத வெயில் வீண். பின்னதில் மிஞ்சும் மின்சாரத்தை விற்கலாம் என்பதால் மோட்டாரை நிறுத்தி வைப்பதற்கும் ஒரு விலை கிடைக்கிறது. குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் 2016ஆம் ஆண்டில் உழவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். ஆனால் விற்பனை விலை மிகக் குறைவாக இருந்தால் அண்டைத் தோட்டத்துக்கு நீர் விற்பதே இலாபம் என்று ஆகிவிடும். ஊறல் குறைந்த உங்கள் போருக்கு நான் இணைந்த பம்பையே பரிந்துரைப்பேன்.

பல்லடம் வாசகர்:
ஒன்றரை மணி நேரமே ஓடும் போருக்கு நாள் முழுவதும் வெயில் எதற்கு என்ற கேள்வியை நான் எழுப்பிப் பார்க்கவே இல்லை. இணைந்த பம்பு எங்கள் மின்பாதையில் கிடைக்குமா என்று விசாரிக்கிறேன். இல்லையென்றால் இப்போதைக்கு விண்ணப்பத்தைத் தள்ளிவைக்கிறேன். நாளை முதல், மோட்டார் நின்றபின் நீர் பழைய மட்டத்துக்கு ஏற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிக் குறித்துவைத்து, ஒரு மாதக் கணக்கை இங்கே பதிகிறேன்.