புலிமியா திரும்பத் தலைகாட்டுகிறது, நெல்லைப் பக்கம் யாரைப் பார்ப்பது?

அம்பைக்காரி:
சென்னையில் வேலை பார்த்தபோது புலிமியாவுக்கு (அளவில்லாமல் தின்றுவிட்டு வாந்தி எடுக்க வைக்கும் உணவுக் கோளாறு) மனநல மருத்துவர், உளவியலாளர், டயட்டீஷியன் என்று மூன்று பேரிடமும் போய் நன்றாகவே தேறியிருந்தேன். அம்பாசமுத்திரத்துக்கு வந்தபிறகு சிகிச்சை விட்டுப்போனது. இப்போது யாரும் இல்லாத நேரத்தில் அள்ளி அள்ளித் தின்பதும், உடனே வாந்தி எடுப்பதும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. எடை குறையவில்லை, அதனால் வீட்டில் "உனக்கென்ன, நல்லாத்தானே இருக்க" என்கிறார்கள். அடுத்த மாதம் கோயில் கொடைத் திருவிழா வேறு, வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் என் இலையைத்தான் பார்ப்பார்கள். எங்கிருந்து தொடங்குவது?

வார்டு நர்ஸ்:
எடையை வைத்து முடிவு செய்யாதீர்கள் தங்கச்சி. புலிமியாவில் பலருக்கு எடை சாதாரணமாகத்தான் இருக்கும். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பக்கத்தில் இருக்கிற டாக்டரிடம் போய் "நானே வாந்தி எடுக்கிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். வயிறு சரியில்லை என்று மட்டும் சொன்னால் கேஸ் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். எலக்ட்ரோலைட் (ரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு), ஈசிஜி இரண்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் ரத்தம், இதில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். அப்புறம், வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்காதீர்கள், அமிலம் பட்ட எனாமல் தேய்ந்துபோகும். தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

தென்காசி அண்ணன்:
என் தங்கை இதிலிருந்து மீண்டு வந்தவள், அதனால் சொல்கிறேன். முதலில் பழைய உளவியலாளரையே கூப்பிட்டு வீடியோவில் தொடர முடியுமா என்று கேளுங்கள், கதையை முதலிலிருந்து சொல்லும் பாரம் இருக்காது. மருந்துக்கும் பரிசோதனைக்கும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. புதிதாக ஒருவரைப் பார்ப்பதானால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாக ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ளவரா, உணவுக் கோளாறு உள்ளவர்களைப் பார்த்த பழக்கம் உண்டா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். கவுன்சிலிங் என்று போர்டு மாட்டிய எல்லாரும் இதற்குச் சரிப்பட மாட்டார்கள். ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பாளை மதினி:
கொடைக்கு ஒன்று சொல்கிறேன். மதியம் விருந்து என்று காலையில் பட்டினி கிடக்கவே கிடக்காதீர்கள், அந்தப் பசிதான் ராத்திரி அள்ளித் தின்ன வைக்கும். காலையில் வழக்கம்போல இட்லி சாப்பிட்டுவிட்டே போங்கள். வீட்டில் யாராவது ஒருவரிடம் மட்டுமாவது முழுசாகச் சொல்லிவிடுங்கள், பந்தியில் அவர் பக்கத்தில் உட்காரட்டும், சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரமாவது கூடவே இருக்கட்டும். "மெலிஞ்சிட்ட, தடிச்சிட்ட" என்று யார் ஆரம்பித்தாலும் பேச்சை மாற்றுகிற வேலை அவருடையது.

அம்பைக்காரி:
சரி, சித்தியிடம் இன்றைக்கே சொல்கிறேன், அவர் கூட வருவார். பொட்டாசியம் பற்றி இங்கே யாரும் சொன்னதே இல்லை. நாளைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில் போகணுமா?

வார்டு நர்ஸ்:
வேண்டாம், எலக்ட்ரோலைட்டுக்கு அது தேவையில்லை. சாப்பிட்டுவிட்டே போங்கள்.