முன்பாதி தோட்டா, பின்பாதி வேர்க்கடலை: தங்கை பையனுக்குப் பெயர் தேடிய கதை

மன்னார்குடி மாமன்:

பிள்ளைக்கு இரண்டு மூன்று மொழிக்கும் பொருந்துகிற மாதிரி பெயர் வைத்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் எங்கள் வீட்டுக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தங்கை ஃப்ளோரிடாவில் இருக்கிறாள். மாப்பிள்ளை கொலம்பியாக்காரர். வீட்டில் அவர் அம்மாவோடு ஸ்பானிஷ், வேலையில் ஆங்கிலம், எங்களோடு வீடியோவில் "சாப்டீங்களா", "போதும் போதும்", அதோடு சரி. வரப்போவது பையன் என்று ஐந்தாம் மாதமே சொல்லிவிட்டார்கள் (இங்கே அதைச் சொன்னால் ஸ்கேன் சென்டருக்குப் பூட்டு). அன்றைக்கே அம்மா முடிவு செய்துவிட்டார், அப்பா பெயர்தான் என்று. பெயரன்தானே பேரன் ஆனான், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது? அப்பா பெயர் பாலசுப்ரமணியன். சுவாமிமலையில் வேண்டிக்கொண்டு பிறந்தவர்.

அவ்வளவு நீளம் அங்கே செல்லாது, சரி, பாலா என்று சுருக்கிக்கொள்ளலாம் என்றோம். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, பின்னால் நின்ற அவர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்பானிஷில் பாலா என்றால் துப்பாக்கித் தோட்டாவாம். அந்த நாட்டில் அத்தனை வருஷச் சண்டையைப் பார்த்துவிட்டு வந்த குடும்பம், பேரனைத் தோட்டா என்று எப்படிக் கூப்பிடுவார்கள்? சரி, முன்பாதி வேண்டாம், பின்பாதியை எடுத்துக்கொள்வோம், மணி. எங்கள் தெருவிலேயே நாலு மணி இருக்கிறார்கள், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தோம். இந்தத் தடவை மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். கடைசி எழுத்தை அழுத்தி மனீ என்று சொன்னால் அவர்கள் ஊரில் வேர்க்கடலை. மெக்சிகோவில் கடலைக்கு வேறு வார்த்தையாம், எங்களுக்கு வாய்த்தது கொலம்பியா.

ஆக முன்பாதி தோட்டா, பின்பாதி கடலை. அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அப்புறம் நான் உர பில்லின் பின்பக்கத்தில் முப்பது பெயர் எழுதி அனுப்பினேன். சம்பந்தியம்மா ஒவ்வொன்றாகப் படித்து வாய்ஸ் அனுப்பினார். ஜெகன் ஹேகன் ஆனான். ஹரி அரி ஆனான். விஜய் பிஹாய். ஜ-வை ஹ ஆக்குகிறார்கள், உண்மையான ஹ வந்தால் விழுங்கிவிடுகிறார்கள், வ-வும் ப-வும் அவர்களுக்கு ஒன்றுதான். ஸ்ரீதர் என்று எழுதிவிட்டு நானே வருத்தப்பட்டேன், முன்னால் ஒரு எ சேர்த்து எஸ்ரீதர் என்றார் பாவம். ஆனால் ர மட்டும் அச்சாக நம் ர. நாக்கு நுனி மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்குகிறது, அமெரிக்கர்கள் மாதிரி வாய்க்குள் சுருட்டி வைத்துக்கொள்வதில்லை. சேகர் என்று அவர் படித்ததை நான் மூன்று தடவை போட்டுக் கேட்டேன், எங்கள் நீடாமங்கலத்துப் பெரியம்மா கூப்பிட்ட மாதிரியே இருந்தது.

நட்சத்திரம் தெரியாமல் எழுத்தை முடிவு செய்ய முடியாது என்கிறார் அம்மா. அங்கேயோ ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்குள் சான்றிதழுக்குப் பெயர் எழுதிக் கேட்பார்களாம். நம் ஊரில் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், தாமதக் கட்டணம் கட்டினால் 15 வருஷம் வரை நேரம் உண்டு. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று தங்கை அவசரப்படுத்துகிறாள். என்ன செய்யலாம்?

நாகூர் பாய்:

எங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு அண்ணா. மச்சான் டெக்சாஸில் இருக்கிறான், பையன் பெயர் உமர். அங்கே ஓமார் என்று ஸ்பானிஷ்காரர்களிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆங்கிலக்காரர்களுக்கும் பழகிய பெயர். ஸ்பெயினில் ஒரு பகுதியாவது 711லிருந்து 1492 வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்த நாடுதானே. ஒரே சண்டை, முதல் எழுத்து யு-வா ஓ-வா என்பதுதான். வாப்பாவுக்கு யு, மச்சானுக்கு ஓ. ஓ ஜெயித்தது. வாப்பா இன்னும் பார்சல் அனுப்பும்போது யு போட்டுத்தான் எழுதுகிறார், அதுவும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வேளாங்கண்ணி அக்கா:

தம்பி, என் மகன் மத்ரித்தில் வேலை பார்க்கிறான், மருமகளும் நம் பக்கத்துப் பெண்தான், திருத்துறைப்பூண்டி. எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒருவர் சவேரியார். அந்தப் புனிதரே 1506இல் ஸ்பெயினில் நவார்ரா பக்கம் பிறந்தவர்தானே, அந்த ஊருக்கே போய் இந்தப் பெயரை வைப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அங்கே அதை ஹாவியேர் என்கிறார்கள். அவர்கள் எழுதுகிற எழுத்திலேயே லண்டனில் இருக்கிற என் மகளிடம் காட்டினால் ஜேவியர் என்று படிக்கிறாள். வேதப் பெயர்களில் இதுதான் வம்பு. நம் யாகப்பர் இங்கிலீஷில் ஜேம்ஸ், ஸ்பானிஷில் சான்டியாகோ. நம் சூசை ஜோசப், அங்கே ஹொசே. ஒரே புனிதரைத்தான் கும்பிடுகிறோம், பெயரைக் கேட்டால் மூன்று வெவ்வேறு ஆள் மாதிரி இருக்கிறது. கடைசியில் லூகாஸ் வைத்தோம். இரண்டு மொழியிலும் எழுத்துக்கூட்டல் ஒன்று, நமக்கு லூக்கா.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அங்கே படிவத்தில் குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டம். வழக்கமாக முதலில் அப்பா வழி, அடுத்து அம்மா வழி. 1999லிருந்து வரிசையை மாற்றிக்கொள்ளவும் விடுகிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் மகனுக்கு என் வீட்டுக்காரர் பெயர், மருமகளுக்கு அவள் அப்பா பெயர். இரண்டையும் எழுதினார்கள். இப்போது பேரன் பெயருக்குப் பின்னால் இரண்டு தாத்தாவும் வரிசையாக நிற்கிறார்கள். உங்கள் தங்கை பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறது, பாருங்கள்.

தஞ்சாவூர்ப் பெரியவர்:

எதற்கு இத்தனை வளைவு? அவன் வாயில் நுழையாவிட்டால் நுழையும்வரை சொல்லிப் பழகட்டும். நாம் அவர்கள் பெயரைப் பழகவில்லையா? முழுசாக பாலசுப்ரமணியன் என்றே வையுங்கள்.

மன்னார்குடி மாமன்:

ஐயா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் எங்கள் அப்பாவையே யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டாவிலும் ரேஷன் கார்டிலும் மட்டும்தான் அவர் பாலசுப்ரமணியன். வீட்டில் ராசு, கடைத்தெருவில் உரக்கடைக்காரர்.

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கே தங்கைக்கு போன் போட்டேன். அவள் கல்யாணத்துக்கு அப்புறம் பெயரை மாற்றவே இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கிற இடத்தில் அப்பா பெயர்தான், முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல். சம்பந்தியம்மாவிடம் சொன்னதற்கு, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, எங்கள் ஊரில் அம்மா வழிப் பெயர் பின்னால் வரத்தானே செய்யும் என்றாராம். இத்தனை நாள் வெட்டலாமா ஒட்டலாமா என்று நாங்கள்தான் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. நல்ல சுகம். கும்பகோணத்து ஜோசியர் அந்த ஊர் நேரத்தையும் ஊர்ப் பெயரையும் கேட்டு வாங்கிக் கணித்து, மகம் முதல் பாதம் என்றார். மகம் ஜெகத்தை ஆளும் என்று அம்மா தரையில் நிற்கவில்லை. மகத்துக்கு மா, மீ, மூ, மே. முதல் பாதம் என்றால் மா. ஜோசியரே மாசிலாமணி என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். திரும்பவும் கடலையா என்று நான் போனை வைத்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு மத்தேயோ மேல் ஆசை, ஆனால் அவர் அக்கா பையனுக்கு ஏற்கெனவே அந்தப் பெயர்.

கடைசியில் மாறன். ஸ்பானிஷில் ன்-இல் முடிகிற வார்த்தைக்குக் குறி எதுவும் போடாவிட்டால் கடைசிக்கு முந்தின அசையில்தான் அழுத்தம், அதனால் சம்பந்தியம்மா தானாகவே மா-வில் அழுத்திச் சரியாகச் சொல்லிவிட்டார். நர்ஸுகளில் ஒருத்தி மேரன் என்றாள், இன்னொருத்தி மரான். அது போகட்டும். எங்கள் பெரியப்பா மட்டும் சோழ நாட்டுப் பிள்ளைக்குப் பாண்டியன் பெயரா என்று முறுக்கிக்கொண்டார். நம்மாழ்வாருக்கும் மாறன் என்று பெயர் உண்டு என்று கோயிலில் யாரோ சொன்ன பிறகு அடங்கினார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். பதினோராம் நாள் வீடியோவில் இரண்டு பாட்டிகளும். இங்கே காலை ஆறரை, அங்கே முந்தின நாள் ராத்திரி. அம்மா குளித்துவிட்டு ஈரத் தலையோடு, போனைக் காமாட்சி விளக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, ஒரு கரண்டி சர்க்கரைத் தண்ணீரைத் திரைக்கு எதிரே பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி "மாறா!" என்று மூன்று தடவை கூப்பிட்டார். அங்கே சம்பந்தியம்மா முகம் மாறிவிட்டது. மாரா பெண்பிள்ளைப் பெயராம். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, எல் சால்வடார் பக்கம் அந்த வார்த்தைக்கு ரவுடிக் கும்பல் என்றும் அர்த்தம் என்றார். முப்பது பெயரைச் சலித்தோம், விளி போட்டு ஒன்றையும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. "கூப்பிடாமல் எப்படிடா கூப்பிடறது? மாறன் மாறன்னு ரேஷன் கடை லிஸ்ட் படிக்கிற மாதிரியா?" என்று என்மேல் பாய்ந்தார் அம்மா.

சம்பந்தியம்மா வாலில் ஒன்று சேர்த்து மாரன்சீத்தோ என்று கொஞ்சுகிறார். அம்மாவுக்கு அது வாயில் வரவில்லை. இரண்டு நாள் முயன்றுவிட்டு இப்போது ராசு என்று ஆரம்பித்திருக்கிறார், அப்பாவை அவர் அம்மா கூப்பிட்ட பெயர். ஸ்பானிஷில் ராசுவுக்கு என்ன அர்த்தம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.