காயிலை நீளவாக்கில் வெட்டிக்கொண்டே இருந்தேன்

பெங்களூரு பீன்யாவில் வேலை. கார்டு ரீடருக்கு 13.56 மெகாஹெர்ட்ஸ் காயில், பிசிபியிலேயே (சர்க்யூட் போர்டு) சுற்றுச் சுற்றாக வரைந்தது. தடம் 1 மி.மீ. அகலம், தாமிரம் வழக்கமான 35 மைக்ரான். ரெசிஸ்டன்ஸ், இண்டக்டன்ஸ் கணக்கிடும் ஃபாஸ்ட்ஹென்றி மென்பொருளில் போட்டால் ரெசிஸ்டன்ஸ் விஎன்ஏ என்ற அளவீட்டுக் கருவியில் அளந்ததைவிட ரொம்பக் குறைவு, இண்டக்டன்ஸ் கொஞ்சம் அதிகம்.

துண்டு பெரிதாக இருக்கிறது போல என்று நினைத்து ஒவ்வொரு பக்கத்தையும் 4 ஆக, 20 ஆக, கடைசியில் 100 ஆக வெட்டினேன், மூன்று நாள் போனது, எண் அசையவே இல்லை. அசையாது. நேரான கடத்தியை நீளவாக்கில் எத்தனை துண்டாக்கினாலும் எல்லாத் துண்டின் சுய இண்டக்டன்ஸையும் அவற்றுக்கு இடையிலான பரஸ்பர இண்டக்டன்ஸையும் கூட்டினால் பழைய எண்தான் வரும்.

எங்கள் சீனியர் மதுரைக்காரர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். டீ டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு பேப்பரில் ஒரு ஒல்லிச் செவ்வகம் வரைந்தார். "தம்பி, இதுக்குள்ள கரண்ட் எங்கப்பா ஓடுது?"

அப்போதுதான் உறைத்தது. அந்த அலைவரிசையில் தாமிரத்தின் ஸ்கின் டெப்த் (கரண்ட் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் ஆழம்) சுமார் 18 மைக்ரான், கரண்ட் தடத்தின் இரண்டு ஓரத்திலும்தான் நெருக்கி ஓடும். நான் குறுக்குவெட்டுக்கு ஒரே ஒரு ஃபிலமென்ட் (கரண்ட் ஓடும் இழை) கொடுத்திருந்தேன், அதனால் அகலம் முழுக்கச் சமமாகப் பரவியதாகவே கணக்குப் போட்டிருக்கிறது.

அகலத்தில் 11 இழை, தடிமனில் 3 என்று மாற்றினேன். ஓரத்தில் மெல்லிசாகத் தொடங்கி நடுவை நோக்கி ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு: 1, 2, 4, 8, 16, 32, மறுபடி இறங்கி 1. மொத்தம் 94 பங்கு. ஓரத்து இழை 10.6 மைக்ரான், ஸ்கின் டெப்த்தைவிடச் சின்னது. இதையே சமமாக வெட்டினால் அகலத்துக்கு மட்டும் 94 இழை வேண்டும், மெமரி தாங்காது. இப்படிப் போட்டதும் ரெசிஸ்டன்ஸ் அளவீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இண்டக்டன்ஸும் இறங்கியது. யாருக்காவது இதே மாதிரி நடந்திருக்கிறதா?

ஒயிட்ஃபீல்டிலிருந்து பதில்:

எனக்கு நடந்தது உருண்டைக் கம்பியில், தம்பி. ஃபாஸ்ட்ஹென்றிக்குச் செவ்வகக் குறுக்குவெட்டுதான் தெரியும். 1 மி.மீ. கம்பி என்று 1 மி.மீ. சதுரம் கொடுத்துவிட்டேன், பெரிய தப்பு. பரப்பு சமமாக வர பக்கம் 0.89 மி.மீ. இருக்க வேண்டும். 10 செ.மீ. விட்டமுள்ள ஒற்றை வளையத்துக்குக் குறைந்த அலைவரிசையில் சூத்திரப்படி 310 நானோஹென்றி, தப்பான சதுரத்தால் அதில் 9 போல குறையும். அப்புறம் அதற்கு நேர்த் துண்டுகள்தான் தெரியும், வட்டத்தை உள்ளே வரைந்த 12 பக்கப் பலகோணமாக்கினால் வளையத்துக்குள் அடங்கும் பரப்பு நாலரை சதவீதம் போய்விடுகிறது, 36 பக்கம் என்றால் அரை சதவீதம்தான். நீளவாக்கில் வெட்டுவதற்கு நிஜமான வேலை இருப்பது வளைவில்தான். புது மாடலுக்கு முன்னால் இந்த வளையத்தை ஓட்டிப் பார்த்து 310 வருகிறதா என்று கட்டாயம் பார்ப்பேன்.

மறுபடி பீன்யா:

சரி அண்ணா, சனிக்கிழமை எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் போய் 1 மி.மீ. எனாமல் கம்பி வாங்கி அந்த வளையத்தை நிஜமாகவே செய்து அளந்து பார்க்கிறேன். சுற்றுவதற்குப் பிவிசி குழாய்த் துண்டு ஆபீஸிலேயே கிடக்கிறது.