தொடையில் எடுத்த தோலும் தெளிக்கிற தோலும்

போன தீபாவளிக்கு முதல்நாள் பயற்றம் பணியாரம் சுடும்போது எண்ணெய்த் தாச்சி சரிந்து அம்மாவின் வலது முன்கை வெந்துபோனது. மூன்று கிழமை மருந்து கட்டியும் நடுப்பகுதி மூடவில்லை. ஆழமான காயம், இனித் தோல் ஒட்டத்தான் வேண்டும் என்றார்கள். தொடையிலிருந்து அரை மில்லிமீற்றர்கூட வராத மெல்லிய தோலைச் சீவி எடுத்து, மெசினில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு, இழுத்து விரித்து ஒட்டினார்கள். கட்டுப் பிரித்த அன்று பாசையூரில் பிறந்த அம்மா கையைப் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, ஐயாவின்ர வலை மாதிரிக் கண் கண்ணாக் கிடக்கு" என்றார். அந்தக் கண்களுக்குள் தோல் வளர்ந்து மூடிவிட்டது, தடம் மட்டும் இன்னும் தெரிகிறது. ஆனால் அவரைப் படுத்தியது கை இல்லை, தொடைதான். பத்து நாளாகச் சீலை பட்டாலே துடித்தார்.

இப்படித் தொடையைச் சீவாமல் ஆறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

*

அக்கா, நான் கொக்குவில், இப்போது பேர்த்தில் இருக்கிறேன். இவருக்குக் கால் வெந்தபோது தெளிப்பு முறையில் செய்தார்கள். 2002 பாலிக் குண்டுவெடிப்பில் எரிகாயப்பட்டவர்களை இங்கே பார்த்த டொக்டர் ஃபியோனா வூட் கொண்டுவந்த முறை. முத்திரை அளவு தோல்தான் எடுத்தார்கள். அதை நொதிக்கரைசலில் ஊறவைத்து, கலங்களைச் சுரண்டிப் பிரித்து, காயத்தில் தெளித்தார்கள். எடுத்த தோலைப் போல 80 மடங்கு இடத்துக்குக் காணுமாம். ஆய்வுகூடத்தில் தோலைத் தாளாக வளர்ப்பதென்றால் மூன்று கிழமையளவு காத்திருக்க வேணும், இது அரைமணித்தியால வேலை. நிறமும் நன்றாகச் சேர்ந்துவிட்டது.

ஆனால் தெளிப்பது மேல்தோலுக்குத்தான். உங்கள் அம்மாவுக்குப் போல அடித்தோலும் போய்விட்டால் இங்கேயும் வலைத்தோலை ஒட்டி, அதன்மேல்தான் தெளிப்பார்கள். வலையை இன்னும் அகலமாக விரிக்கலாம், தொடையில் கொஞ்சமாக எடுக்கலாம், அவ்வளவுதான்.

*

எங்கள் பேரனுக்குச் சுடுதண்ணி ஊற்றுப்பட்டபோது பதற்றத்தில் பற்பசையைப் பூசிவிட்டோம். அதைக் கழுவி எடுக்கவே டொக்டர் பாடுபட்டார். "இருபது நிமிசம் பைப்புத் தண்ணியைப் பிடிச்சிருக்கலாமே" என்று நல்ல ஏச்சு. ஆழம் இல்லாதபடியால் மயிர்க்கால்களில் மிஞ்சிய கலங்களே பரவி, இரண்டு கிழமையில் மூடிவிட்டது. கட்டு மாற்றியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

*

நன்றி தங்கச்சி. நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப அங்கையும் வலைதானோ" என்று சிரித்துக்கொண்டே தொடையைத் தடவினார்.