அப்பாவையும் மகனையும் கோலசிலாங்கூர் தாமான் ஆலாம் இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக வேண்டும், எந்த நேரம் சரி?

பெர்ஜுந்தை மகள்:

வணக்கம். நாங்கள் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறோம், பெயரை மாற்றி எத்தனை வருடமானாலும் எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அப்பாவுக்கு 71 வயது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டப் போனார். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்ததிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு மின்கம்பி மைனாக்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். என் ஒன்பது வயது மகனுக்கு அவன் மாமா ஒரு பழைய பைனாகுலரைக் கொடுத்துவிட்டார், அன்றிலிருந்து தாத்தாவும் பேரனும் ஒரே கட்சி, நான் தனிக்கட்சி.

மின்மினி பார்க்கக் கம்போங் குவாந்தானுக்கும், குரங்கு பார்க்கப் புக்கிட் மலாவாத்திக்கும் பலமுறை போயிருக்கிறோம். மலையடியில் இருக்கும் தாமான் ஆலாமுக்குள் மட்டும் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா போன வருடம் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய், கொசுவையும் குரங்கையும் தவிர ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தார். அப்பாவுக்கு முட்டி வலி வேறு. தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாமா? எத்தனை மணிக்கு, எந்தப் பாதை, எவ்வளவு நடக்க வேண்டும்?

கரையோரக் கொக்கு:

பன்னிரண்டு மணிக்குப் போனால் பறவையும் நிழலில் படுத்துத்தான் இருக்கும் அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் மேல் தப்பில்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட மாதம் நல்ல மாதம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியா பக்கத்திலிருந்து உள்ளான்களும் இன்னும் பல கரைப்பறவைகளும் குளிருக்குத் தப்பி நம் மேற்குக் கரைச் சேற்றுக்கு வருகின்றன, சில இங்கேயே தங்கும், சில சுமாத்ராவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் வழியில் வயிற்றை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடும். ஆனால் அக்டோபர், நவம்பரில் மதியத்துக்குமேல் மழை பிடித்துக்கொள்ளும், அதனால் காலைதான். வாயில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று முதல்நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும்.

பாதை எல்லாம் சமதளம், ஏற்றம் இறக்கம் கிடையாது. முட்டி வலிக்கு நடப்பது பிரச்சினை இல்லை, பார்வைக் கோபுரத்துப் படிதான் பிரச்சினை. கோபுரத்தை விட்டுவிடுங்கள். குளத்தைச் சுற்றிப் போகும் பாதையில் மறைவுக் குடில் இருக்கும், அதற்குள் உட்கார்ந்து ஓட்டை வழியாகப் பார்த்தாலே போதும். சாம்பல் நாரை, செந்நாரை, சின்னக் கொக்கு, பெரிய கொக்கு எல்லாம் அங்கே சாதாரணம். கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட நீல மீன்கொத்தி கத்திக்கொண்டே இருக்கும், அதைப் பார்க்காமல் வந்தால்தான் ஆச்சரியம். மேலே செம்பருந்து வட்டமிடும். பையனுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் கூட்டம்.

நடந்துகொண்டே பார்க்காதீர்கள். ஒரே இடத்தில் அரைமணி நேரம் அசையாமல் உட்காருங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாப் பாதையையும் முடித்துவிட வேண்டும் என்று ஓடுவார்கள், ஒன்றையும் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாம் லயம்:

கொக்குத் தம்பி சொன்னதில் முக்கால்வாசி சரி. காலைதான் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மழை இல்லாத நாளில் சாயங்காலம் நாலரைக்குப் போய்ப் பாருங்கள். வக்கா என்று நாம் சொல்லும் இராக்கொக்கு பகலெல்லாம் மரத்தில் தூங்கிவிட்டுப் பொழுது சாய்கிற நேரத்தில்தான் குவாக் குவாக் என்று கத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் போதும், மற்றதெல்லாம் கூடுதல்.

மகளே, உங்கள் அப்பா தோட்டத்து ஆள் என்பதால் ஒன்று சொல்கிறேன், அவருக்குப் பிடிக்கும். அந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் கடல் தண்ணீர் வந்துபோன பாக்காவ் காடு, அலையாத்திக் காடு என்பது அதுதான். நடுவில் நீளமாக ஒரு மண்கரை போகும், மலாய்க்காரர்கள் பான் என்பார்கள். கரையோரத் தோட்டங்களில் உப்புத் தண்ணீர் ஏறாமல் இருக்கப் போடுவார்களே, அதே மாதிரிதான். கரை போட்டதும் உள்பக்கம் உப்புத் தண்ணீர் வராமல் போய், அத்தியும் மற்ற மரங்களும் முளைத்து வேறு காடாகிவிட்டது. வெளிப்பக்கம் இன்னும் பாக்காவ்தான். ஒரே கரையில் நின்று இடதுகைப் பக்கம் ஒரு காடு, வலதுகைப் பக்கம் இன்னொரு காடு என்று பார்க்கலாம். பறவைகளும் அப்படியே பிரிந்துதான் இருக்கும், உள்பக்கம் மரங்கொத்தியும் செம்போத்தும், வெளிப்பக்கம் கொக்கும் மீன்கொத்தியும். நடுவில் இருக்கும் குளம் தோண்டிய குளம், இயற்கைக் குளம் இல்லை. 1987இல் மாநில அரசும் மலேசிய இயற்கைச் சங்கமும் சேர்ந்து பூங்காவாக்கினார்கள்.

வேரையும் பேரனுக்குக் காட்டச் சொல்லுங்கள். பாக்காவ் மரம் கொக்குக் கால் மாதிரி வேரைப் பரப்பி நிற்கும். ஆப்பி ஆப்பி மரத்தைச் சுற்றிப் பென்சில் நட்டுவைத்த மாதிரி சேற்றிலிருந்து வேர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும், சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் மூச்சுவிட வெளியே வருகிறது. அந்தப் பென்சில்களுக்கு நடுவில் தாவுகிற பெலாச்சாக் மீனைப் பார்த்தால் பையன் பறவையை மறந்துவிடுவான்.

தேவி அக்கா:

ஆண்கள் யாரும் கொசுவைப் பற்றிப் பேசவே இல்லை பாருங்கள்! நீளக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, காலுறை கட்டாயம். மருந்தை வீட்டிலேயே தடவிக்கொண்டு போங்கள், அங்கே போய்த் தடவலாம் என்று நினைத்தால் காரிலிருந்து இறங்குவதற்குள் முடிந்துவிடும். சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம், மங்கலான நிறம் போதும்.

குரங்கில் இரண்டு வகை. கறுப்பாக, தலையில் கொண்டை மாதிரி முடி வைத்தது லோத்தோங், அது இலை தின்பது, சாது. குட்டி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், சில மாதத்தில் சாம்பலாகிவிடும், அதைப் பார்க்கவே போகலாம். நீளவால் குரங்கு, கெரா என்பது, அப்படி இல்லை. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே வந்துவிடும், என் தங்கை பையில் இருந்த வடையைப் பையோடு கொண்டுபோனது. பசியாறிவிட்டுப் போங்கள், உள்ளே தண்ணீர் மட்டும். மலாவாத்தி மலையில் எல்லாரும் பயற்றங்காய் வாங்கிக் கொடுக்கிறார்களே என்று இங்கேயும் கொடுக்க வேண்டாம்.

பாரிட் புந்தார் பையன்:

கொஞ்சம் விலகிப் பேசுகிறேன், மன்னிக்கவும். பள்ளி விடுமுறையில் பேராக் பக்கம் வந்தால் கோலா கூலாவுக்கும் வாருங்கள். 40,000 ஹெக்டேர் பரந்த மாத்தாங் அலையாத்திக் காட்டின் வடக்கு ஓரம் அது. உடம்பு வெள்ளையாக, சிறகின் ஓரம் கறுப்பாக, மஞ்சள் அலகோடு இருக்கும் பால் நாரைக்குப் பேர்போன இடம். உலகத்தில் அழிந்துகொண்டிருக்கும் பறவை. கோலசிலாங்கூரிலும் கூண்டில் வளர்த்து வெளியே விட்டுப் பார்த்தார்கள், காட்டில் நிலைக்கவில்லை. எங்கள் ஊரைப் பற்றிப் பேச வாய்ப்பு கிடைத்தால் விடுவேனா.

பெர்ஜுந்தை மகள்:

எல்லாருக்கும் நன்றி. மூன்றாம் லயம் ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், பான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒரு கேள்வி. கடல் தண்ணீர் ஏறும் நேரம் இறங்கும் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும் என்று மகன் எங்கேயோ வாசித்திருக்கிறான். உண்மையா?

கரையோரக் கொக்கு:

குளத்துப் பறவைக்கு அவசியம் இல்லை. சேற்று உள்ளானுக்கு அவசியம். இங்கே ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும், தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். முழுதாக வற்றினால் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து, பறவை எல்லாம் புள்ளியாகிவிடும், உங்கள் பைனாகுலருக்கு எட்டாது. தண்ணீர் ஏற ஏறத்தான் அவை கரைப்பக்கம் தள்ளப்பட்டு வரும். பெருக்கு உச்சிக்கு இரண்டு மணி நேரம் முந்திப் போய் நில்லுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெருக்கு பெரிது, கூட்டமாகப் பார்க்கலாம். கடலோரப் பலகை நடைபாதை சில நேரம் மூடியிருக்கும், வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் லயம் ஐயாவுக்கு: வக்கா காலையில் திரும்பி வரும்போதும் அதே குவாக்தான். நான் விட மாட்டேன்.

பெர்ஜுந்தை மகள்:

போய்வந்துவிட்டோம்! காலையில்தான் போனோம், ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகன் பத்தொன்பது பறவை எழுதியிருக்கிறான், அதில் நாலைந்து பெயர் எனக்குச் சந்தேகம். லோத்தோங் குட்டி பார்த்தோம். நீர்நாய் வரவில்லை. பெலாச்சாக் மீன் முன்னால் இருபது நிமிடம், சொன்னபடியே. அப்பா மறைவுக் குடிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை, நான்தான் கால் மரத்துப்போய் வெளியே வந்து நின்றேன்.

அப்புறம் ஒரு விஷயம் நடந்தது, திட்டாதீர்கள். கோரைக்குள் ஏதோ ஒன்று குவா குவா என்று கத்தியது, மகன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். அப்பா இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்து அதே மாதிரி ஒரு சத்தம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை மார்போடு ஒரு கானாங்கோழி, மலாய்க்காரர் ருவாக் ருவாக் என்பது, தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்து நின்று எங்களையே பார்த்தது. தோட்டத்தில் இருந்தபோது மூங்கில் குழாயில் இப்படிக் கூப்பிட்டுக் கண்ணி வைத்துப் பிடிப்பார்களாம், சம்பளத்துக்கு முந்திய வாரம் கறி அதுதானாம். எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

கரையோரக் கொக்கு:

திட்டத்தான் போகிறேன் அக்கா, பறவையை ஏமாற்றிக் கூப்பிடக் கூடாது, அதுவும் குஞ்சு வைத்திருக்கும் நேரமாக இருந்தால் பாவம். திட்டிவிட்டேன். இனி அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும்?

பெர்ஜுந்தை மகள்:

சொல்ல மாட்டாராம், நேரில் வந்தால் காட்டுகிறாராம். அடுத்த பௌர்ணமிக்கு மறுபடியும் போகிறோம். பெருக்கு நேரத்தை நாள்காட்டியில் ராகுகாலத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டார், இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது, அதற்கு என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.