மழையில் ரவுண்டானாவில் பின்புறம் சறுக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: டயரா, டிஃபரென்ஷியலா, ஓட்டும் முறையா?

கேட்பவர்: ஈரச்சாலை

வணக்கம். 1991ஆம் ஆண்டு தயாரிப்பான, 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்னிடம் இருக்கிறது. ஏ.பி.எஸ். உட்பட எந்த மின்னணு உதவியும் இதில் கிடையாது. உலர்ந்த சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழை பெய்துவிட்டால், ரவுண்டானாவை விட்டு வெளியேறும்போது, இரண்டாம் கியரில், மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டாத வேகத்திலேயே, ஆக்ஸிலரேட்டரை மிதமாக அழுத்தினாலும் பின்புறம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. அதுவும் மெல்ல மெல்ல நழுவுவதில்லை. பிடி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று விட்டுவிடுகிறது.

முந்தைய உரிமையாளர் 195/50 ஆர்15 அளவு (195 மில்லிமீட்டர் அகலம்) டயர்களைப் போட்டிருக்கிறார். டயர் பட்டன், அதாவது சாலையில் படும் கட்டைகளுக்கு இடையிலான பள்ளத்தின் ஆழம், முன்னால் 6 மில்லிமீட்டரும் பின்னால் 5.5 மில்லிமீட்டரும் இருக்கிறது. நான்கிலும் காற்று 26 பி.எஸ்.ஐ. டிஃபரென்ஷியல் (எஞ்சின் விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பிரிக்கும் அமைப்பு) விஸ்கஸ் வகை லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கெட்டியான திரவத்தால் கட்டுப்படுத்தும் வகை. காற்றை 20க்குக் குறைத்தால் டயர் நன்றாகப் பதியும் என்று ஒருவரும், டிக்கியில் மணல் மூட்டை வைக்கும்படி இன்னொருவரும், டிஃபரென்ஷியலை மாற்றினால்தான் தீரும் என்று மூன்றாமவரும் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பின்னச்சு

முதலில் ஒன்றை விலக்கிவிடலாம்: இது அக்வாபிளானிங் அல்ல. தேங்கிய நீரின் மேல் டயர் மிதப்பதற்கு இன்னும் நல்ல வேகம் வேண்டும். 5 மில்லிமீட்டருக்கு மேல் பட்டன் உள்ள டயர், வெறுமனே நனைந்திருக்கும் சாலையில் 35 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்காது. அந்த வேகத்தில் பிடி விடுகிறதென்றால், நீரை வெளியேற்றுவதில் கோளாறு இல்லை, ரப்பரே சாலையைப் பற்றவில்லை என்றுதான் பொருள்.

உலர்ந்த தார்ச்சாலையில் ரப்பர் இரண்டு வழிகளில் பிடிக்கிறது. ஒன்று, மேற்பரப்போடு ஒட்டிக்கொள்வது. மற்றொன்று, ஜல்லியின் மேடு பள்ளங்களுக்குள் அழுந்தி, உருமாறிப் பற்றுவது. மழை பெய்ததும் முதலாவது பெருமளவு போய்விடுகிறது. இரண்டாவதை நம்பித்தான் கார் ஓடுகிறது. வயதான டயர் இறுகிப்போவதால் அந்த இரண்டாவது வேலையைச் செய்ய அதனால் முடிவதில்லை. ஆகவே உலர்ந்த சாலையில் தன்னைக் காட்டிக்கொடுக்காத பழைய டயர், முதல் மழையில் மாட்டிக்கொள்ளும். பட்டன் ஆழத்தை மட்டும் அளந்து டயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது, ஆண்டில் பெரும்பகுதி நிறுத்தியே வைக்கப்படும் இத்தகைய கார்களில் பெரிய ஏமாற்று.

எனவே டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் டி.ஓ.டி. எண்ணைப் பாருங்கள். 2000க்குப் பிந்தைய டயர்களில் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2311 என்றால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தால் போதும் என்பதால், வெளிப்பக்கத்தில் தேதி இல்லாமல் எண் பாதியில் முடிந்திருக்கலாம். அப்படியானால் காரின் அடியில் டார்ச் அடித்து உட்பக்கத்தைப் பாருங்கள். நான்கையும் பார்க்க வேண்டும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். பட்டன் கட்டையின் மேல் நகத்தை அழுத்தினால் தடம் விழுகிறதா என்றும் பாருங்கள். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவுகோல் யாரிடமாவது கிடைத்தால் இன்னும் நல்லது; எண் கூடினால் ரப்பர் இறுகியிருக்கிறது என்று பொருள். தனித்த எண்ணைவிட, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாடுதான் விஷயத்தைச் சொல்லும்.

ஈரச்சாலை

நீங்கள் சொன்னது போலவே, பின் டயர்களின் வெளிப்பக்கத்தில் தேதி இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி உட்பக்கத்தைப் பார்த்தேன். முன் இரண்டும் 1421, பின் இரண்டும் 3610. அதாவது பின் டயர்கள் முன்னவற்றைவிடப் பத்தாண்டுக்கும் மேல் மூத்தவை. நண்பர் ஒருவரின் அளவுகோலில் முன்னால் 66, பின்னால் 81 காட்டுகிறது. பின் டயரில் நகம் பதியவே இல்லை. தோள்பட்டைப் பகுதியில் பட்டன்களுக்கு இடையே மயிரிழை போன்ற வெடிப்புகளும் தெரிகின்றன.

இருந்தாலும் காற்றழுத்தம் பற்றிய சந்தேகம் தீரவில்லை. மழையில் காற்றைக் குறைப்பது நல்லது என்று பலரும் சொல்கிறார்களே?

பதில்: அச்சாணி

பலரும் சொல்வது உண்மைதான்; அது மணலிலும் சேற்றிலும் ஓட்டுபவர்களுக்கான அறிவுரை. நனைந்த தார்ச்சாலையில் நிலைமை நேர்மாறானது. 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கண்டறிந்த ஒரு தோராயச் சூத்திரம் உண்டு: டயரின் காற்றழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 6.35ஆல் பெருக்கினால், ஆழமாகத் தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கிடைக்கும். உங்கள் 26 பி.எஸ்.ஐ.க்கு அது ஏறத்தாழ 85. இருபதுக்கு இறக்கினால் 75க்கும் கீழே வந்துவிடுகிறது. கார் டயரின் அகலமும் பட்டன் ஆழமும் இந்தக் கணக்கை மாற்றும் என்பதால் எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். காற்று குறைந்தால் மிதப்பது முந்திவரும் என்ற போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி சற்றே உள்வாங்குவதால் அங்கே நீர் சிக்கிக்கொள்வதும் ஒரு காரணம்.

தொழிற்சாலை இந்த காருக்குச் சொல்வது 26, அதில் இருங்கள். ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள காருக்கு அது சரியான அளவு. அதே காரணத்துக்காக, இதைவிட அகலமான டயருக்கும் போக வேண்டாம் என்பேன். எடை குறைந்த காரில் அகலம் கூடக்கூட, ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் அழுத்தம் குறைந்து, நீரைப் பிளந்துகொண்டு போகும் திறனும் குறைகிறது. தொழிற்சாலை கொடுத்தது 185/60 ஆர்14 என்பதை நினைவில் வையுங்கள்.

மணல் மூட்டையைப் பற்றி: பின்னச்சுக்குப் பின்னால் வைக்கும் எடை, புறப்படும்போது பிடியைச் சற்றுக் கூட்டும், வளைவில் பின்புறம் ஒருமுறை விலகத் தொடங்கிவிட்டால் அதே எடை இன்னும் வெளியே இழுக்கும். கட்டி வைக்காத மூட்டை என்றால் கேட்கவே வேண்டாம்.

பதில்: ஆறு சிலிண்டர்

காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய போர்ஷே 911 ஒன்றை எல்லாப் பருவத்திலும் ஓட்டுகிறேன். டயரை மாற்றுங்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதோடு ஓட்டும் முறையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் புது டயர் எல்லையைத் தள்ளிவைக்குமே தவிர நீக்கிவிடாது.

ரவுண்டானாவுக்குள் இரண்டாம் கியரில் இருப்பதே உங்கள் சிக்கலில் பாதி. அந்தக் கியரில் ஆக்ஸிலரேட்டரின் சிறு அசைவும் பின் சக்கரத்தில் பெரிய திருகு விசையாக இறங்குகிறது. அழுத்தினாலும் அப்படித்தான், விட்டாலும் அப்படித்தான். எஞ்சின் இடறாமல் இழுக்குமானால் மூன்றாம் கியரிலேயே சுற்றி வாருங்கள். கியரைக் குறைக்க வேண்டியிருந்தால் வளைவுக்கு முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே குறைத்து, எஞ்சின் சுழற்சியைச் சக்கர வேகத்தோடு சமப்படுத்திய பிறகே கிளட்சை விடுங்கள். நனைந்த வளைவின் நடுவே சுழற்சியைச் சமப்படுத்தாமல் கிளட்சை விடுவது ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்குச் சமம்.

பின்புறம் விலகியதும் கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரை முழுதும் விடப் பார்க்கும். என் காரைப் போலப் பின்னால் எஞ்சின் உள்ளவற்றில் இதன் விளைவு மிகக் கடுமையானது. உங்கள் காரிலும் கொள்கை ஒன்றுதான். காலை எடுத்ததும் எடை முன்னால் சாய்கிறது, பின் டயர்கள் லேசாகின்றன, அதே நேரத்தில் எஞ்சின் அவற்றைப் பிடித்து நிறுத்தவும் பார்க்கிறது. ஆகையால் காலைப் பாதியளவு தளர்த்தி, பார்வையைப் போக வேண்டிய திசையில் வைத்து, ஸ்டியரிங்கை வளைவுக்கு எதிர்ப்பக்கம், அதாவது பின்புறம் விலகும் பக்கமாகத் திருப்புங்கள். பிடி திரும்பி வரும் அந்த நொடியிலேயே ஸ்டியரிங்கையும் நேராக்குங்கள். பலர் முதல் சறுக்கலைச் சமாளித்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராக்கத் தாமதிப்பதால் எதிர்த்திசையில் வரும் இரண்டாவது வீச்சில்தான் சுழல்கிறார்கள்.

பதில்: பின்னச்சு

ஒரு சிறு திருத்தம். பாதி தளர்த்துவது பயிற்சி உள்ள காலுக்குப் பொருந்தும். பழக்கமில்லாதவர் கிளட்சை முழுதும் அழுத்திவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் கவனிப்பதே மேல் என்பது என் கருத்து; சக்கரங்கள் தள்ளப்படவும் இல்லை, பிடித்திழுக்கப்படவும் இல்லை என்ற நிலையில் பின் டயர் தானாக உருண்டு பிடியை மீட்டுக்கொள்ள வாய்ப்பு கூடுதல். நண்பர் 911ஐ நீண்ட காலமாக ஓட்டுபவர்; அவருக்கு எளிதாக இருப்பது எல்லோருக்கும் எளிதாக இருந்துவிடாது.

டிஃபரென்ஷியலில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். இவ்வளவு வயதான விஸ்கஸ் அலகு வலுவிழந்து, சாதாரண டிஃபரென்ஷியலைப் போலவே நடந்துகொள்ளக்கூடும். அப்படியானால் உள்பக்கச் சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும், வெளிச்சக்கரம் காரைத் தாங்கிக்கொள்ளும். இறுக்கமான லிமிடெட் ஸ்லிப்பைப் போட்டால் நனைந்த சாலையில் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகப் பிடியை இழந்து, இப்போதைவிட வேகமாகப் பின்புறம் வெளியேறும் வாய்ப்பே உண்டு. பந்தயத் தளத்தில் நல்லது என்பதற்காக மழையிலும் நல்லது என்று ஆகிவிடாது.

டயர் வாங்கும்போது நான்கையும் ஒரே வகையாக வாங்குங்கள். இரண்டுதான் முடியும் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும். முன்பக்கம் நழுவினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும், பின்பக்கம் நழுவினால் சுழலும். ஐரோப்பிய டயர் முத்திரையில் ஈரச்சாலைப் பிடிக்கு 2021 மே முதல் ஏ முதல் ஈ வரை தரம் உண்டு. அந்தத் தரம் ஈரத்தில் பிரேக் பிடித்து அளக்கப்படுவது, அக்வாபிளானிங்கைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பந்தயத் தளத்தையும் சாலையையும் ஒன்றாகக் குறிவைக்கும், பள்ளங்கள் மிகக் குறைந்த அரை ஸ்லிக் வகை டயர்களை இந்தப் பயன்பாட்டுக்குக் கண்டிப்பாகத் தவிருங்கள்.

பதில்: டிரம் பிரேக்

இழையைப் படிக்கும், இன்னும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக: டிரம் பிரேக்குக்குள் நீர் புகுந்தால் அடுத்த முறை அழுத்தும்போது பிரேக் பிடிக்காமல் போகலாம், அல்லது ஒரு பக்கம் மட்டும் பிடித்து காரை இழுத்துவிடலாம். தேங்கிய நீரைக் கடந்ததும், பின்னால் வாகனம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓடியபடியே பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்துச் சூடேற்றி உலர்த்துங்கள். டிஸ்க்கிலும் நீர்ப்படலத்தால் முதல் கணம் தாமதம் உண்டு, ஆனால் சக்கரம் சில முறை சுழன்றதும் சரியாகிவிடும்.

ஈரச்சாலை

நான்கு டயர்களையும் ஒரே வகையில் மாற்றி, முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிய பிறகு எழுதுகிறேன். அதே ரவுண்டானா, அதே இரண்டாம் கியர், நல்ல மழை: வழக்கமான அழுத்தத்துக்குப் பின்புறம் அசையவில்லை. ஆள் நடமாட்டமில்லாத, அனுமதி பெற்ற திறந்த தளத்தில் வேண்டுமென்றே கூடுதலாக அழுத்திப் பார்த்தேன். இப்போதும் விலகுகிறது, ஆனால் இருக்கையின் வழியே முன்கூட்டியே உணர முடிகிறது, திருத்துவதற்கு நேரமும் கிடைக்கிறது. மூன்றாம் கியரில் அந்த விலகலும் இல்லை.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. ஒரு பக்கம் திரும்பும்போது பின்புறம் மற்றப் பக்கத்தைவிடச் சற்று முந்தியே விலகுகிறது. வீல் அலைன்மென்ட் பார்த்ததில், பின்னால் இடது சக்கரம் டோ-அவுட்டில், அதாவது முன்விளிம்பு வெளிநோக்கி இருக்கிறது. திருப்பினால் சக்கரத்தின் கோணத்தை மாற்றும் கேம் போல்ட் துருவேறி அசைய மறுக்கிறது என்று கைவிட்டுவிட்டார்கள்.

பதில்: அச்சாணி

அதுவே மிச்சக் காரணம். பின்னால் இரு பக்கமும் சிறிதளவு டோ-இன், அதாவது முன்விளிம்பு உள்நோக்கி, இருக்க வேண்டும். ஒரு பக்கம் வெளிநோக்கி இருந்தால் அந்தச் சக்கரம் பாரம் ஏறும்போதெல்லாம் காரின் பின்புறத்தை வெளியே திருப்பப் பார்க்கும். உலர்ந்த சாலையில் டயரின் பிடி அதை மறைத்துவிடும்.

துரு பெரும்பாலும் போல்ட்டுக்கும், அது நுழையும் ரப்பர் உறையான புஷ்ஷின் உள்குழாய்க்கும் இடையே பிடித்திருக்கும். துரு நீக்கும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அடித்து ஊற விடுங்கள். பிறகு நட்டைத் தளர்த்தி, போல்ட்டின் தலையை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கலாம்; ஒரே திசையில் முழு பலத்தோடு திருகினால் போல்ட் முறியும். தீயால் சூடேற்றினால் புஷ்ஷின் ரப்பர் எரிந்துவிடும் என்பதால், அந்த வழிக்குப் போவதற்கு முன் புதிய புஷ்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அசைப்பதற்கு முன் கேமின் நிலையைக் கூரிய முனையால் கீறிக் குறித்துவையுங்கள். போல்ட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தால் புதிய போல்ட்டுகளை நான்கு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கி, தண்டில் துருத்தடுப்புப் பசை பூசி மாட்டுங்கள்; புஷ் போல்ட்டுகளின் கடைசி முறுக்கை மட்டும் கார் நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது கொடுங்கள்.